கரை வைத்த பெயர்

(சாமளாபுரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு ஷிப்டு நின்றால் எவ்வளவு துணி குறையும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மேசை மேல் ஒரு வெள்ளை ஓடு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கோணூசி, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். பேச்சு போகிற போக்கில் ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பக்கத்து வீதிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பத்துத் தறி போட்டு ஓட்டுகிறவர். குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு கட்டி. நடுத்தரத் தேங்காய் அளவு இருக்கும். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், மேலெல்லாம் மணல். “வாத்தியாரே, இது அதுதானுங்களா?” என்று கேட்டார். எது என்று வாய் விட்டுச் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த அவர் மனைவி, “போலீசு கீலீசு வந்துருமுங்களா?” என்றார். ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் வாசற்படியில் நின்றுகொண்டு தன் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அம்பர்கிரிஸ். செய்தித்தாளில் திமிங்கல எச்சம் என்று போடுகிறார்கள், திமிங்கல வாந்தி என்றும் போடுகிறார்கள். நாட்டு மருந்துக்காரர்களும் அத்தர் வியாபாரிகளும் மீன் அம்பர் என்பார்கள். 2023 மே மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் 18.1 கிலோ பிடித்தார்கள். கள்ளச் சந்தையில் அதன் மதிப்பு 31.67 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், கிலோ ஒன்றே முக்கால் கோடி. கடன் வாங்கித் தறி போட்ட ஒருவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் கடற்கரையில் ஒதுங்கிய எந்தக் கட்டியையும் சும்மா தாண்டி வர முடியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அதுவாகவே இருந்தால் விடிந்ததும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடலாம். சம்மதமா?” என்று முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிங்க, முதல்ல என்னன்னு தெரியட்டும்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான். கடற்கரையில் ஒன்று கிடைக்கிறது, இன்னதென்று தெரியவில்லை. அது என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேசையில் இருக்கிற ஓட்டிலிருந்து தொடங்குகிறேன். உள்ளங்கை நீளம், படகு போன்ற வடிவம், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தூக்கினால் கனமே இல்லை. ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறது. மறுபக்கம் நகத்தால் சுரண்டினால் மாவு மாவாக உதிர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கடல் நுரை என்று எடுத்துக் கொடுப்பார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற வீடுகளில் கூண்டுக்குள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கடல் நுரை என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். அலை வருகிறது, நுரை ஒதுங்குகிறது, பக்கத்திலேயே நுரை நிறத்தில், நுரை போலக் கனமில்லாமல் ஒன்று கிடக்கிறது. நுரைதான் இறுகி இப்படி ஆகியிருக்கும் என்று கரையில் நின்றவர் நினைத்திருக்கிறார். அது கரை வைத்த பெயர்.

இதையே மீனவர்களிடம் காட்டினால் கணவாய் ஓடு என்பார்கள். அவர்கள் கணக்கில் கணவாய் பல வகை. ஊசிக் கணவாய் ஒன்று, பேய்க்கணவாய் ஒன்று, ஓட்டுக் கணவாய் ஒன்று. உடம்புக்குள் இந்த ஓடு இருப்பதால்தான் அது ஓட்டுக் கணவாய். வலையில் விழுந்ததை அறுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர். இந்த ஓட்டுக்குள் காகிதத்தைவிட மெல்லிய அடுக்குகள் நிறைய இருக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள். கணவாய் உயிரோடு இருக்கும்போது அந்த அறைகளில் எவ்வளவு நீர், எவ்வளவு காற்று என்று கூட்டிக் குறைத்துத்தான் தண்ணீரில் தன் உடம்பை மிதக்கும்படி வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு சதை அழுகிப் போகும், ஓடு மிதந்து கரைக்கு வரும். இப்போது எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு சொட்டு விடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பொரிந்து குமிழி விடுகிறது. சுண்ணாம்புச் சத்து என்பதற்கு இதுவே சாட்சி. நுரை இறுகினால் இப்படிப் பொரியாது.

கரையில் நின்று வைத்த பெயர் ஒன்று, உடம்பைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதைத்தான் அடையாளம் காண்பது என்று நான் நினைக்கிறேன். சில பொருள்களுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கடல் தேங்காயைச் சொல்கிறேன். அதுவும் நாட்டு மருந்துக் கடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும். இரண்டு தேங்காயை ஒட்டவைத்தது போலப் பெரிய கொட்டை. வடக்கே சாமியார்கள் அதன் ஓட்டைக் கமண்டலமாக வைத்திருப்பார்கள். மாலத்தீவுக் கரைகளில் எப்போதாவது ஒன்று ஒதுங்கும். எந்த மரத்தில் காய்த்தது என்று யாருக்கும் தெரியாது. கடலுக்கு அடியில் ஒரு மரம் இருக்கிறது, அதன் காய்தான் இது என்று நம்பினார்கள். 1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் கரையேறிய பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் ஐந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு எழுதியிருக்கிறார்: கரையில் ஒதுங்கும் இந்தக் காயும் அம்பரும் அரசருக்கே சொந்தம், யாரும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. திடீரென்று ஒருவன் பணக்காரனாகிவிட்டால், அவனுக்குக் கடல் தேங்காயோ அம்பரோ கிடைத்திருக்கும் என்று ஊர் பேசுமாம். நம் பக்கம் புதையல் எடுத்துவிட்டான் என்று சொல்வோமே, அப்படி.

மரம் எங்கே இருக்கிறது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1768-இல். செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராலன் என்ற தீவு. பனை இனம். காய் முற்றவே ஆறேழு வருஷம் பிடிக்கும். ஒரு காய் இருபது கிலோவுக்கு மேலேகூட இருக்கும். இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு. நல்ல காய் தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளே இருப்பது அழுகி வெறும் ஓடானால்தான் மிதக்கும். அதனால் மாலத்தீவுக்கு வந்து சேர்ந்த காய் ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்திருந்தால் மரம் எது என்று அன்றைக்கே தெரிந்துபோயிருக்கும். வந்ததெல்லாம் முளைக்காத காய், அதனாலேயே கடலடி மரக் கதை அத்தனை காலம் பிழைத்தது. மரம் செஷல்ஸில் இருக்க, தாவரவியலில் இன்றும் அதன் பெயரோடு மால்டிவிகா என்ற சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் கரை வைத்த பெயர்தான். இந்த மரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கண்டிப் பக்கம் போனால் பெராதெனியப் பூங்காவில் பார்க்கலாம்.

அம்பருக்கு வருவோம். சீனர்கள் அதை டிராகனின் எச்சில் என்றார்கள். கடலடியில் ஓர் ஊற்று இருக்கிறது, அதிலிருந்து கசிந்து இறுகுகிறது என்று அரபு மருத்துவர்கள் எழுதினார்கள். மெழுகு என்றவர்கள் உண்டு, பிசின் என்றவர்களும் உண்டு. ஐரோப்பாவிலோ பெயரிலேயே குழப்பம். பால்டிக் கடற்கரையில் மஞ்சள் நிறத்தில் மரப்பிசின் கல்லாகி ஒதுங்கும். ஆங்கிலத்தில் ஆம்பர் என்று நகையில் பதிப்பது அதுதான். திமிங்கலத்துக்குள்ளிருந்து வந்ததற்கு அரபியில் இருந்த அன்பர் என்ற சொல், கரையில் கிடைக்கிற இந்த இரண்டாவது பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று மஞ்சள் அம்பர், மற்றது சாம்பல் அம்பர். சாம்பல் அம்பர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் அம்பர்கிரிஸ். ஒன்று மரத்தில் பிறந்தது, ஒன்று விலங்கின் குடலில் பிறந்தது. இரண்டும் அலையில் ஒதுங்கின என்ற ஒரே காரணத்துக்காக ஒரே பெயரைச் சுமந்தன.

உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் திமிங்கல வேட்டைக்காரர்கள். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு வேட்டைக்காரர்கள், ஸ்பெர்ம் வேல் என்கிற எண்ணெய்த் திமிங்கலத்தின் உள்ளே இதைக் கண்டார்கள் என்று பாஸ்டன் மருத்துவர் பாய்ல்ஸ்டன் 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சபைக்கு எழுதினார். படித்தவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1783-இல் ஷ்வெடியாவர் என்ற மருத்துவர் அந்தச் சபைக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அவர் செய்தது எளிய காரியம். அம்பர் கட்டிகளை உடைத்து உள்ளே உற்றுப் பார்த்தார். கறுப்பாக, வளைந்து, கூர்மையாகச் சில துண்டுகள் பதிந்திருந்தன. கணவாயின் அலகுகள்!

இப்போது டப்பாவைத் திறக்கிறேன். நேற்று மீன் கடையில் ஊசிக் கணவாய் வாங்கிக் கழுவும்போது எடுத்து வைத்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கிளி மூக்கு மாதிரி இரண்டு பாகம், மேலும் கீழுமாகப் பொருந்துகிறது. கணவாய் சமைத்த கைகளுக்கு இது தெரிந்திருக்கும், கால்களுக்கு நடுவில் அழுத்தினால் பிதுங்கிக்கொண்டு வரும். கணவாயின் உடம்பில் மற்றது பெரும்பாலும் செரித்துவிடும், இது செரிக்காது. எண்ணெய்த் திமிங்கலம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, வெளிச்சமே இல்லாத ஆழத்தில் போய்ப் பெரிய பெரிய கணவாய்களைத் தின்கிறது. அதன் வயிற்றில் இந்த அலகுகள் ஆயிரக்கணக்கில் சேரும். சேர்ந்ததை அவ்வப்போது வாய் வழியாகக் கக்கிவிடும். கக்கினது வெறும் அலகுகள்தான், அம்பர் அல்ல. எங்கோ நூற்றில் ஒரு திமிங்கலத்துக்கு அலகுகள் தப்பிக் குடலுக்குள் இறங்கிவிடுகின்றன. அங்கே குத்திக்கொண்டு நிற்கும் அவற்றைச் சுற்றி மெழுகு போன்ற ஒன்று படிகிறது. படிந்து படிந்து கட்டியாகிறது. பிறகு மலத்தோடு வெளியேறும், அல்லது திமிங்கலம் செத்த பிறகு வெளிப்படும். ஆகவே திமிங்கல வாந்தி என்று இன்று நாம் சொல்வதும் சரியில்லை.

ராபர்ட் கிளார்க் என்ற அறிவியலாளர் 1953-இல் அண்டார்க்டிக் கடலில் ஒரு வேட்டைக் கப்பலில் இருந்தபோது, ஒரே திமிங்கலத்தின் உள்ளே 421 கிலோ எடையுள்ள அம்பர் இருந்ததைப் பதிவு செய்தார். ஒரு பெரிய எருமையின் எடை, குடலுக்குள். அந்த உயிருக்கு அது எவ்வளவு பெரிய உபாதையாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் அந்த எண்ணை என்னால் சொல்ல முடிவதில்லை.

வெளியே வரும்போது அம்பர் கறுப்பு, பிசுபிசுப்பு, சாணி நாற்றம். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் மிதந்து மிதந்துதான் சாம்பல் நிறமாகி, வெளுத்து, மணம் ஏறுகிறது. 1820-இல் பெல்லெட்டியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து அம்ப்ரீன் என்ற பொருளைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்ததும் அதே இருவர், அதே வருஷம். அம்ப்ரீன் காற்றும் வெயிலும் பட்டு உடையும்போதுதான் அந்த மணம் பிறக்கிறது. இன்று அந்த வாசனையைக் கிளேரி சேஜ் என்ற செடியின் சத்திலிருந்தே ஆலையில் செய்துவிடுகிறார்கள். வாசனைக்காகத் திமிங்கலம் தேவையில்லை என்று ஆகிப் பல காலம் ஆயிற்று.

அன்று ராத்திரி பக்கத்து வீதிக்காரரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “ஒரு கோன் நூல் வருது. பருத்தின்னு பில்லில் இருக்கு. சந்தேகமா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்டேன். சிரித்தார். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகி, கறுத்த மணியாகிக் கையில் உறுத்தும். உங்களில் இதைச் செய்யாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். விரலில் முறுக்கிப் பார்த்தே நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்று சொல்கிற பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பில்லில் உள்ள பெயரை நம்பாமல் நூலையே கேட்பதுதான் இந்த ஊரின் வழக்கம்.

அம்பருக்கும் அதே சோதனைதான். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டியில் குத்த வேண்டும். அம்பர் என்றால் குத்திய இடத்தில் கறுப்பும் பழுப்புமாக உருகிக் கொதிக்கும். ஆறும் முன் விரலால் தொட்டு இழுத்தால் பாகு போல இழை வரும். வெள்ளையாகப் புகை எழும். உடைத்துப் பார்த்தால் அலகுத் துண்டுகள் இருக்கலாம். இதெல்லாம் முதல் சோதனை, முடிவு சொல்ல ஆய்வகம் வேண்டும்.

இந்தக் கோணூசியைத்தான் அடுப்பில் காய்ச்சினேன். நால்வரும் சமையலறையில் குனிந்து நின்றோம். ஊசி சத்தமில்லாமல் இறங்கியது. குத்திய இடத்தில் தண்ணீர் போலத் தெளிவாக உருகி நின்றது. ஊதியதும் பால் வெள்ளையாக உறைந்தது. இழை வரவில்லை. வாசம் வந்தது, கரண்ட் போன ராத்திரிகளில் நம் வீடுகளில் வந்த அதே வாசம். “மெழுகுவத்தி!” என்றாள் அந்தப் பெண். பாரஃபின் மெழுகு. உருக்கிய மெழுகையும் பாமாயிலையும் தொட்டியில் ஏற்றிச் செல்கிற கப்பல்கள், சரக்கை இறக்கிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கடலில் விடும்போது இப்படிக் கட்டி கட்டியாக ஒதுங்கும். இங்கிலாந்துக் கரைகளில் பாமாயில் கட்டிகளைத் தின்று நாய்கள் நோயில் விழுந்திருக்கின்றன.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. மனைவிக்கு மூச்சு வந்தது. மஞ்சள் பையை மடித்துக்கொண்டே அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “திமிங்கலம் வேண்டாம்னு விட்டது தானே சார், கரையில கெடந்தா எடுத்தா என்ன தப்பு?”

2021-இல் ஏமன் நாட்டு மீனவர்கள் 35 பேர் ஏடன் வளைகுடாவில் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கலத்தைக் கரைக்கு இழுத்து வந்து, அதன் உள்ளே 127 கிலோ அம்பர் எடுத்தார்கள். விற்றார்கள், வீடு கட்டினார்கள், படகு வாங்கினார்கள். போரில் நொந்த ஊர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தியாவில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி எண்ணெய்த் திமிங்கலமும், அதிலிருந்து வருகிற எதுவும் வைத்திருக்கக் கூடாதவை. வாங்க முடியாது, விற்க முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. கரையில் கிடந்தது என்று எல்லோரும் சொல்லலாம். கரையில் எடுத்ததா, உயிரைக் கொன்று எடுத்ததா என்று கட்டியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. கிலோ ஒன்றே முக்கால் கோடி என்று ஒரு விலை இருக்கும்போது, இலங்கையின் திருகோணமலை, கற்பிட்டிக் கடல்களில் கூட்டமாக வந்து போகிற அந்த உயிர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் அந்தக் கட்டியைக் கரையின் சொத்தாகப் பார்க்கவில்லை, திமிங்கலத்தின் உடம்பாகப் பார்க்கிறது. அடையாளம் கண்ட பிறகு அப்படித்தான் பார்க்க முடியும். சந்தேகமான கட்டியைக் கண்டால் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தொடக்கூடாததும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் நீல நிறத்தில், சுண்டுவிரலில் பாதி நீளத்தில், இறகு விரித்தது போன்ற அழகான உயிர்கள் ஒதுங்கின. நீல டிராகன் என்கிற கடல் நத்தை வகை. அது சொறி என்கிற கொட்டும் ஜெல்லி மீன் வகைகளைத் தின்று, அவற்றின் கொடுக்குகளைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சொறி என்று மீனவர்கள் பெயர் வைத்ததே நமக்கு எச்சரிக்கைதான். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கிய பிறகு, கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வெள்ளை மணிகள் ஒதுங்கின. மீன் முட்டை போலிருக்கும். நம் ஊர்க்காரர்கள் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்கள், பனியன் பேக்கிங் செய்கிற பாலித்தீன் பைக்கு அடிப்படையான பிளாஸ்டிக் குருணை. மீனுக்கும் பறவைக்கும் அது தெரியாது, முட்டை என்றே தின்னும்.

கடலோரத்து விஷயம் நொய்யல் கரைக்கு எதற்கு என்று யாராவது நினைக்கலாம். இதே நொய்யலோடு கிழக்கே போனால் கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் அங்கே தோண்டியபோது, சங்கை அறுத்து வளையல் செய்த தடயங்கள் கிடைத்தன. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும் கிடைத்தது. கடல் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு, எது நல்ல சங்கு, எது எந்தக் கல் என்று கையால் தடவிச் சொன்ன மனிதர்கள் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அப்பா மெழுகுக் கட்டியோடு எழுந்த பிறகு, அவள் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்து, “இது நுரைன்னு அம்மா சொன்னாங்க” என்று எடுத்து நீட்டியதுதான் மேசையில் இருக்கிற இந்த ஓடு. எலுமிச்சைச் சாறு விட்டது அவள் அனுமதியோடுதான். கணவாய் ஓடு என்று சொல்லி, அறைகளையும் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் ஓட்டைத் திருப்பினாள். மாவு போன்ற பக்கத்தில், வரிசையாக, சின்னச் சின்னக் குழிகள். ஒரு பக்கம் ஐந்து, கொஞ்சம் தள்ளி இன்னும் மூன்று. “இது யாரு கடிச்சதுங்க சார்?” என்றாள்.

பல் பட்ட குறிதான், அதில் சந்தேகமில்லை. மீனின் பல்லா, ஓங்கிலின் பல்லா என்று குழிகளின் இடைவெளியை அளந்து எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த விடுமுறையில் தூத்துக்குடி மீன் ஏலக் கூடத்துக்குப் போய், பெரிய மீன்களின் தாடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம். அவள் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அளவுகள் அவள் நோட்டில் இருக்கின்றன. போகும்போது ஓட்டை எடுத்துத் தடவிப் பாருங்கள், மெதுவாக, அது நகம் பட்டாலே உதிரும்.